எண்பது ஒட்டுகள்

போன மார்கழியில் என் பேத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. எனக்குக் கொள்ளுப்பேரன். எழுபத்தைந்து வயதில் கொள்ளுத்தாத்தா ஆவது சாதனை ஒன்றும் இல்லை. எனக்குச் சீக்கிரம் கல்யாணம் செய்து வைத்தார்கள், என் மகளுக்கு நான் சீக்கிரம் செய்து வைத்தேன், அவ்வளவுதான்.

குழந்தை பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு பேத்தி போனில் ஒரு படம் காட்டினாள். சதுரம் சதுரமாகப் பலநிறத் துணிகளை ஒட்டித் தைத்த ஒரு சின்ன விரிப்பு. "பேட்ச்வொர்க் குவில்ட் தாத்தா. எவ்ளோ அழகா இருக்கு! விலையைப் பாருங்க." பார்த்தேன். 1972-ல் நான் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தபோது அந்தப் பணத்துக்குப் பல மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். "இது ஒட்டுப்போட்ட துணி, என் அம்மா காசில்லாமல் போட்டுக் கொடுப்பாள்" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "நான் தைத்துத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்கே அன்று விளங்கவில்லை. பின்னால் சொல்கிறேன்.

எனக்குத் தையல் தெரியாது. முப்பத்தெட்டு வருடம் அரசாங்கத்தில் தைத்தது ஃபைல் ஒன்றைத்தான். மாதக் கடைசியில் வவுச்சர் கட்டுகளைக் கோணூசியால் குத்தி, சணல் நூல் கோத்து, முடிச்சுப் போட்டு ரெக்கார்டு அறைக்கு அனுப்புவோம். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கோணூசி பிடித்த கை, குட்டி ஊசி பிடிக்காதா என்று ஒரு தைரியம்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தைக்குக் கொடுக்க வேண்டியது பழந்துணி. கடைப்பெட்டியில் அட்டை குத்தி, கண்ணாடித்தாள் சுற்றி வரும் புதுத்துணி அல்ல. அந்தப் பழந்துணியையும் வீட்டார் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் சும்மா உட்கார்ந்து பேப்பரை இரண்டு முறை படிக்கும் ஓய்வூதியக்காரர் இருந்தால், அவர் கையால் தைத்தால் இன்னும் நல்லது.

பழந்துணி என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் தங்கள் தூளியை மறந்தவர்கள். நாம் எல்லோரும் அம்மாவின் பழம்புடவையில்தானே ஆடினோம். பிறந்த உடலில் புதுத்துணி படக் கூடாது என்று கிழவிகள் தாத்தாவின் வேட்டியைக் கிழித்து வைத்திருப்பார்கள். அதில் மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை. நூறு முறை வெளுத்த பருத்தியில் கஞ்சி கிடையாது. போக வேண்டிய சாயம் போய்விட்டது. சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஈரத்தை உடனே குடிக்கும். கடைத்துணியை அந்தப் பதத்துக்குக் கொண்டுவர இரண்டு வருடம் துவைக்க வேண்டும். அதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். இன்று குழந்தைக்கென்று விற்கிற மெத்தென்ற சாமான்களில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதைக் குழந்தைக்கு அடியில் போடுகிறவர்கள், ஒருநாள் தாங்களே அதில் மத்தியானம் படுத்துப் பார்க்கட்டும்.

நான் உற்சாகமாகப் பெட்டியைத் திறந்ததும் முதல் ஆட்சேபணை என் மனைவியிடமிருந்து வந்தது. "பிறக்கறதுக்கு முன்னாடி எதையும் தைக்கக் கூடாதுங்க." நானும் பழைய எழுத்தன். விதியை மீறாமல் விதிக்குள் வழி கண்டுபிடிப்பது எங்கள் தொழில். "வெட்டுவது வேறு, தைப்பது வேறு. வெட்டி வைத்தால் அது வெறும் துணித்துண்டு" என்றேன். யோசித்துவிட்டு ஒப்புதல் கொடுத்தாள். பிறக்கும் முன் வெட்டுவது, பிறந்தபின் தைப்பது, முப்பதாம் நாள் பேர் வைக்கும்போது கொடுப்பது என்று திட்டம்.

அடுத்த சண்டை அளவில் வந்தது. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தபோது எனக்கு நாலு வயது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அதற்கு முன்னும் பின்னும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. அதில் ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார் அப்பா. கணக்கு, சரித்திரம், எல்லாம் அந்த மொழியில். என் தலையில் நீளம் என்றால் சென்டிமீட்டர்தான். மனைவி திண்டிவனத்துக்காரி, அவளுக்கு அங்குலம். தையல் டேப்பில் நல்லவேளையாக இரண்டு பக்கமும் இரண்டு அளவும் இருக்கிறது. அவள் ஐந்து அங்குலச் சதுரம் என்றாள். தையலுக்குள் போவது கால் அங்குலம், இரண்டு பக்கமும் சேர்ந்து அரை, மீதி நாலரை, அதை எட்டால் பெருக்கி என்று கணக்கு நீண்டது. நான் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்றேன். தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டர் விட்டால் நிகரம் பத்து. வரிசைக்கு எட்டு, பத்து வரிசை, மொத்தம் எண்பது துண்டு. எண்பதுக்கு நூறு. வாயிலேயே முடிந்துவிட்ட கணக்கு. எங்கள் குடும்ப வாழ்க்கையில் நான் ஜெயித்த சில வாதங்களில் இது ஒன்று.

துணி சேர்த்ததைச் சொல்லவேண்டும். மனைவியின் சுங்குடி ஒன்று, கண்டாங்கி ஒன்று. நான் ஆபீசுக்குப் போட்ட வெளிர்நீலச் சட்டைகள். காலரும் கையும் பிய்ந்திருந்தாலும் முதுகு நன்றாக இருக்கும். நாற்காலியில் சாய்ந்து வேலை பார்க்காத நேர்மைக்கு அது அத்தாட்சி என்று சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. மகளின் பள்ளிக்கூடத் தாவணி, பேத்தி நாலு வயதில் போட்ட மஞ்சள் பூப்போட்ட கவுன், இரண்டு லுங்கி. ஜரிகை உள்ள எதையும் எடுக்கவில்லை. குழந்தைத் தோலைக் கீறும். பட்டனும் மணியும் வேண்டவே வேண்டாம். பிள்ளை கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குத்தான் போகும். நைலக்ஸை மனைவி ஒரு மூலையில் எறிந்தாள்.

பெட்டியின் அடியில் அம்மாவின் புடவை ஒன்று இருந்தது. அவள் போய் இருபத்தாறு வருடம் ஆகிறது. அரக்கு நிறத்தில் கட்டம் போட்ட நூல் புடவை. விரித்தபோது மடிப்புகளில் விண்டு போயிற்று. ஊசி ஏறினால் கூடப் பொறுக்காத நிலை. முந்தானையின் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் கெட்டி. அதில் தேடித் தேடி நாலு சதுரம் எடுத்தேன். நைந்த துணியைத் தனியாகத் தைக்கக் கூடாது. அதே அளவு வேட்டித் துண்டு ஒன்றை அடியில் வைத்து இரண்டையும் ஒன்றாகப் பிடித்துத் தைக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பக்கத்துத் தெரு டெய்லர். இன்னொன்றும் அவர் சொன்னார். நூல் ஓடும் திசையிலேயே நேராக வெட்டு, கிராஸில் வெட்டினால் துணி இழுபடும், சதுரம் சாய்ந்துவிடும் என்று. அந்தப் புத்தி வருவதற்குள் ஒரு லுங்கி வீணாகிவிட்டது.

இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். என் அம்மா ஒட்டுப் போடுவதில் கெட்டிக்காரி.

அப்பா மில் தொழிலாளி. புதுச்சேரியில் அந்தக் காலத்தில் சங்கு ஊதித்தான் பாதி ஊர் எழுந்திருக்கும். ரோடியர் மில்லோடு சேர்த்து மூன்று மில். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர்கள்மீது 1936 ஜூலை 30-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அப்பா அதற்குச் சில வருடம் கழித்து வேலைக்குப் போனவர். அவர் காலத்தில் நேரம் எட்டு மணிதான்; சம்பளம்தான் எட்டவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் ஊர் துணிக்குப் பேர்போன ஊர். அவுரிச் சாயம் ஏற்றிய 'கினே' என்ற நீலத்துணி இங்கிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரைக்கும் போயிற்று. அங்கே கோந்து வாங்க அதைப் பணம் மாதிரிக் கொடுத்தார்கள். நம் பக்கத்து அச்சுத் துணிகள்மேல் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்த மோகத்தைப் பார்த்து, தங்கள் நெசவுக்காரர்கள் கெட்டுப்போவார்கள் என்று 1686-ல் பதினான்காம் லூயி தடையே போட்டார். அது 1759 வரை இருந்தது. பள்ளியில் அந்த லூயியின் அரண்மனையில் எத்தனை கண்ணாடி என்பதுவரை படித்தோம். இந்தத் தடையைப் பற்றிப் படித்ததாக நினைவில்லை. உலகத்துக்கே துணி கொடுத்த ஊரில், துணி நெய்கிறவர் பிள்ளைக்கு ஒட்டுப்போட்ட கால்சட்டை.

காக்கி. உட்காரும் இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு ஒட்டு, அப்பாவின் பழைய மில் பேண்ட்டிலிருந்து வெட்டியது. நிறம் கொஞ்சம் வெளுப்பு. வகுப்பில் என்னோடு இருந்தவர்களில் பலர் சொல்தா வீட்டுப் பிள்ளைகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர்கள் சட்டையெல்லாம் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கும். ஒட்டுக்குப் பிரெஞ்சில் 'பியேஸ்' என்று பெயர். அந்தச் சொல்லை நாங்கள் படித்த அன்றே எனக்குப் பட்டப்பெயர் தயாராகிவிட்டது. கரும்பலகைக்கு மிசியே என்னைக் கூப்பிட்டால் போதும், பின்வரிசையில் மெதுவாக "பியேஸ், பியேஸ்" என்று கேட்கும். நான் சுவரோரமாக நடக்கப் பழகினேன். கணக்கை எழுதி முடித்தபின் பின்னாலேயே நடந்து இடத்துக்கு வருவேன். மரியாதைக்காக அப்படி நடக்கிறேன் என்று மிசியே நினைத்திருக்கலாம்.

ஒருநாள், பத்து வயதிருக்கும், வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மதகடியில் உட்கார்ந்து பென்சில் சீவும் பிளேடால் அந்த ஒட்டுகளின் தையலை அறுத்தேன். பெஞ்சு ஆணியில் மாட்டிக் கிழிந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். ஒட்டுப் போன கால்சட்டையை விட்டெறிந்துவிட்டுப் புதிது வாங்குவார்கள் என்று நம்பியிருக்கிறேன். அம்மா கால்சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அறுந்த நூலைப் பார்த்தாள். "தையல் சரியில்லைபோல இருக்குடா" என்றாள். அன்று ராத்திரி சிம்னி விளக்கடியில் உட்கார்ந்து அதே ஒட்டுகளை மறுபடி தைத்தாள், முன்பைவிட நெருக்கமாக.

பிளேடால் அறுத்த நூலுக்கும் ஆணியில் கிழிந்த நூலுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தெரியாமலே இருந்திருக்கட்டும் என்றும் தோன்றுகிறது. நான் கேட்கவில்லை. அவள் எண்பது வயதுவரை இருந்தாள்; கேட்க எனக்கு நாற்பது வருடம் இருந்தது.

சரி, தையலுக்கு வருவோம்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் மனைவியின் உஷா மெஷினில் உட்கார்ந்தேன். ஓடவில்லை, நான் காலை முன்னே மிதித்தால் சக்கரம் பின்னே சுற்றி நூலை அறுத்தது. "நூல் கோக்காம சும்மா மிதிச்சுப் பழகுங்க" என்று உத்தரவு. ஒரு நாள் முழுக்க வெறும் காகிதத்தில் கோடு தைத்தேன். நல்ல யோசனை அது. முதல்முறை தைக்கிறவர்கள் செய்து பாருங்கள். ஊசி போட்ட துளைகளைப் பார்த்தாலே கை எங்கே கோணுகிறது என்று தெரிந்துவிடும்.

முதல் வரிசை எட்டுத் துண்டும் சேர்ந்து 82 சென்டிமீட்டர் வரவேண்டும். 79-ஐக் கொஞ்சம் தாண்டியது. கேஷ்புக் டேலி ஆகாத ராத்திரிகளின் ஞாபகம் வந்துவிட்டது. எங்கே போயிற்று மூன்று சென்டிமீட்டர்? வெட்டியது சரி, எண்ணிக்கை சரி. கடைசியில் கண்டுபிடித்தேன். ஒரு சென்டிமீட்டர் உள்ளே தைப்பதற்குப் பதில் இரண்டு மில்லிமீட்டர் அதிகம் தள்ளித் தைத்திருக்கிறேன். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துண்டிலுமாக நாலு மில்லிமீட்டர்; ஏழு இணைப்புக்கு இருபத்தெட்டு. எந்த இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத தப்பு. கூட்டினால்தான் தெரியும். நான் அதைப் பிரிக்கவில்லை. அதே தப்பை மற்ற ஒன்பது வரிசையிலும் செய்துவிட்டால் எல்லாம் ஒரே நீளமாகிவிடும் என்று மேலும் ஒரு வரிசை தைத்தேன். அது 80 வந்தது. தப்பைக்கூட ஒழுங்காகத் திருப்பிச் செய்ய முடியாது என்று தெரிந்ததும் இரண்டையும் பிரித்தேன். மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து சரியாக ஒரு சென்டிமீட்டரில் பிளாஸ்திரி ஒட்டி, துணி ஓரத்தை அதை ஒட்டியே ஓட்டினேன். அதன்பின் வரிசைகள் வழிக்கு வந்தன.

நடுவில் வைக்க இலவம்பஞ்சு வேண்டாம் என்றார் டெய்லர். துவைத்தால் உருண்டு ஒரு மூலைக்குப் போய்விடும். பழைய பருத்திப் போர்வை ஒன்றை வெட்டி நடுவில் வைத்தேன். அடியில் என் எட்டு முழ வேட்டி. மூன்று அடுக்கும் நகராமல் பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்திவிட்டு, சதுரங்களின் ஓரமாகக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டேன். விரலுக்குத் தகர உறை மாட்டிக்கொள்ளாமல் தொடங்கியதால் முதல் நாளே வேட்டியில் ரத்தப் பொட்டு. அந்த உறைக்கும் பகடைக்காய்க்கும் பிரெஞ்சில் ஒரே சொல்தான், 'தே'. மூன்று அடுக்குத் துணியில் ஊசி எங்கே வெளியே வரும் என்பதும் பகடை மாதிரிதான் இருந்தது. கை நடுக்கம் எனக்குக் கொஞ்சம் உண்டு. தையல் நேராக இல்லை. மூன்றாம் வரிசையில் ஒரு தையல் பாம்பு மாதிரிப் போகும். இருக்கட்டும்.

தைத்துக்கொண்டே கொஞ்சம் படித்தேன். வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கிக் காந்தா தைக்கிறார்கள். தைக்கும் நூலையே புடவைக் கரையிலிருந்து உருவிக்கொள்வார்களாம். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், 'கவந்தி' என்று ஒட்டு விரிப்புத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் சின்ன முக்கோணத் துணிகளை அடுக்கிப் பூ வைப்பார்கள். அது இல்லாவிட்டால் விரிப்பு அம்மணமாக இருப்பதாக அவர்கள் எண்ணம். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அம்மாவின் புடவைத் துண்டு நாலையும் நாலு மூலையில் வைத்தது அதைப் படித்தபின்தான்.

நம்மிடமும் இல்லாமல் இல்லை. தேரில் தொங்கும் தேர்ச்சீலையையும் தொம்பையையும் பாருங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை என்று துணியை வெட்டி ஒட்டித் தைத்ததுதானே எல்லாம்? வில்லியனூர்த் தேருக்கு கவர்னரே வந்து வடம் பிடிப்பார். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து அந்த வழக்கம். கவர்னர் இழுப்பது ஒட்டுத்துணி போர்த்திய தேரை. சாமிக்கு ஒட்டு அலங்காரம், மனிதனுக்கு ஒட்டு அவமானம் என்று யார் பிரித்தார்கள்? ஓட்டுப் போட்டதை விரலில் மை வைத்து எல்லாருக்கும் காட்டுகிறோம். ஒட்டுப் போட்டதைத்தான் மறைக்கிறோம்.

இதை என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் கடற்கரையில் உட்கார்ந்து உற்சாகமாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "ஒண்ணாந்தேதி பென்ஷன் வருதில்ல, அதனால உனக்கு ஒட்டு அழகாத் தெரியுது" என்றார். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வேறு துணி இல்லாமல் ஒட்டுப் போடுவதும், பீரோ நிறைய இருக்கும்போது ஒட்டுப் போடுவதும் ஒன்றல்ல. கடையில் முழங்காலைக் கிழித்தே விற்கிறார்களே கால்சட்டை, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. நான் செய்வதும் அதன் தம்பிதானோ? பழந்துணி நல்லது என்று நான் சொல்வதைக் கேட்டு யாராவது தீபாவளிக்கு வேலைக்காரம்மாவிடம் பழம்புடவையைக் கொடுத்தால் அந்தப் பாவம் எனக்கும் வரும். அது கொடை இல்லை, கழிவு. நம் பிள்ளைக்கு நம் துணி என்பது மட்டுமே என் பேச்சு. தனக்குப் பிரியமானதை வெட்டிக் கொடுப்பதற்கும் தனக்கு வேண்டாததைத் தள்ளிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் வாங்குகிறவருக்கு உடனே தெரியும். அதனால் நண்பரிடம் பாதி தோற்றுவிட்டேன். மீதிப் பாதிக்கு இன்னும் வாதாடுவேன்.

முப்பதாம் நாள். மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். தங்க வளை, வெள்ளிக் கிண்ணம், ரிப்பன் கட்டிய பெட்டிகள். என் விரிப்பைப் பேத்தி பிரித்து எல்லார் முன்னாலும் காட்டினாள். ஒரு விநாடி யாரும் பேசவில்லை. பேத்தியின் மாமியார் நல்ல அம்மாள்தான். ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பழைய துணியாங்கய்யா?" என்று கேட்டார். கேள்வியில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் காதில் விழுந்தது வேறு. அறுபத்தைந்து வருடம் முன்னால் பின்வரிசையில் கேட்ட சத்தம். உடனே ஏதாவது சொல்லி மழுப்பப் பார்த்தேன். கடையில் பழசு மாதிரியே கிடைக்கிறது என்றுகூடச் சொல்லியிருப்பேன். மனைவி முந்திக்கொண்டாள். "ஆமாங்க. மூலையில இருக்கிறது அவங்க அம்மா புடவை. அவரே தைச்சாரு" என்றாள். அந்த அம்மாள் மூலையை மறுபடி தொட்டுப் பார்த்தார். "எங்க மாமியார் புடவைகூட ஒண்ணு பெட்டியில கிடக்கு" என்றார். அதற்குமேல் பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விட்டது.

அதோடு விட்டார்களா? பேத்தி மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, கோவிச்சுக்காதீங்க. தூங்கும்போது இதைப் போர்த்தவோ தொட்டில்ல போடவோ கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க." ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் கனத்த போர்வை, தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் கூடாது, முகத்தில் மூடிக்கொண்டால் அதனால் விலக்கத் தெரியாது, மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்று விளக்கினாள். எனக்குச் சுருக்கென்றது. முப்பது நாள் வேலை. நாங்கள் எல்லாம் போர்த்திக்கொண்டு பிழைக்கவில்லையா என்று கேட்க நினைத்தேன். பிழைக்காதவர்கள் வந்து பேச மாட்டார்கள் என்பது அப்புறம்தான் புத்தியில் பட்டது. டாக்டர் சொன்னது சரி. இதைப் படித்துவிட்டு யாராவது பேரப்பிள்ளைக்குத் தைக்கக் கிளம்பினால், முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: இது தொட்டிலுக்கு அல்ல, தரைக்கு. பிள்ளை விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, குப்புறப் படுத்துக் கழுத்தைத் தூக்கிப் பழக, அப்புறம் தவழ.

தரையில் விரித்தால்தான் அதன் அழகு தெரிகிறது என்பது வேறு விஷயம். இப்போது அவனுக்கு ஐந்து மாதம். குப்புற விழுந்து மஞ்சள் பூக்கவுன் துண்டையே உற்றுப் பார்க்கிறான். அவன் அம்மா நாலு வயதில் கட்டிப் புரண்ட துணி. என் ஆபீஸ் சட்டையின்மேல் இரண்டு முறை கக்கிவிட்டான். அரசாங்க ஊழியத்துக்குக் கிடைத்த கடைசி மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வாரத்துக்கு மூன்று முறை துவைக்கிறார்கள். நிறம் போகவில்லை, போக ஒன்றும் மிச்சமில்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைக்குப் பணம் போட்டு வைக்கிறோம், வளை வாங்குகிறோம், நல்லது. பெண்டாட்டியின் மெஷின் முன்னால் உட்காரவும் கொஞ்சம் கூச்சத்தை விடுங்கள். டெய்லர் கடையில் தைக்கிறவன் ஆண்தான், தேர்ச்சீலை தைக்கிறவனும் ஆண்தான். வீட்டுக்குள் வந்தால் மட்டும் ஊசி பெண்பிள்ளைச் சாமான் ஆகிவிடுமா? எண்பது துண்டு வேண்டாம், இருபதில் தொடங்குங்கள். முதலில் காகிதத்தில் தைத்துப் பாருங்கள். தகட்டில் பிளாஸ்திரி ஒட்ட மறக்காதீர்கள்.

எங்கள் ஊர் மில்களில் இப்போது எதுவும் ஓடவில்லை. ரோடியர் மில் 2020-ல் மூடப்பட்டது; சுதேசியும் பாரதியும் அதே வருடம். சங்குச் சத்தம் இல்லாத காலையில் எனக்கு இன்றைக்கும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வது என்று இருந்தேன்.

போன வாரம் பேத்தி விரிப்பை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தாள். வலதுபக்க மேல்மூலையில், அம்மாவின் துண்டும் லுங்கித் துண்டும் சேரும் இடத்தில், நாலு விரற்கடை நீளத்துக்குத் தையல் விட்டிருக்கிறது. அவன் அந்த இடத்தைத்தான் பிடித்து இழுக்கிறானாம். "தைச்சுக் கொடுங்க தாத்தா, அவசரம் இல்லை" என்றாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அறுந்திருந்தது நூல்தான், துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கொடுத்து, ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டு மனைவி சமையலுக்குப் போனாள். இந்த முறை மெஷினில் போடவில்லை. கையாலேயே, கொஞ்சம் நெருக்கமாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.